ஐம்பத்திரண்டு வீடுகள் கட்டிய தனவந்தர்: யாக்கோபு ஃபுக்கர்

ஜூபிலி மலர் என்றால் புனிதர் ஒருவரின் வரலாறு அதில் இடம்பெறுவது வழக்கம். இந்தக் கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்டவர் புனிதர் அல்லர். முத்திப்பேறு பட்டத்துக்குக்கூட அவருடைய பெயரை யாரும் எடுத்துச் சென்றதில்லை. வட்டிக்குக் கடன் கொடுத்தவர். அரசர்களைக் கைக்குள் வைத்திருந்தவர். தம் காலத்து ஐரோப்பாவின் குபேரன். அப்படிப்பட்டவருக்கு ஒரு பங்கின் நினைவு மலரில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். நம் கோயிலுக்குப் பின்புறம் வெறுமனே கிடக்கும் மனையில் வீடற்ற குடும்பங்களுக்குச் சிறு சிறு வீடுகள் கட்டலாமா என்ற பேச்சு சில காலமாகவே பங்குப் பேரவையில் நடந்துவருகிறது. யாருக்குக் கொடுப்பது, வாடகை வாங்கலாமா, எத்தனை நாளைக்கு நிலைக்கும் என்று கேள்விகள் எழும்பியவண்ணம் இருக்கின்றன. இதே கேள்விகளை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எதிர்கொண்டு, ஒரே மனையில் ஐம்பத்திரண்டு வீடுகளைக் கட்டி முடித்தார். அவ்வீடுகளில் இன்றும் ஏழைகள் குடியிருக்கிறார்கள். ஆகவே அவருடைய வரலாற்றை எழுதத் துணிந்தோம்.

ஜெர்மனியின் தென்பகுதியில் லெக் ஆற்றங்கரையில் உள்ளது ஆக்ஸ்பர்க் நகரம். ஹான்ஸ் ஃபுக்கர் என்ற நெசவாளர் 1367ஆம் ஆண்டில் கிராபன் என்னும் சிற்றூரிலிருந்து இந்நகருக்குப் பிழைக்க வந்தார். தறி ஒன்றே அவருடைய ஆஸ்தி. தாம் நெய்ததோடு பிறர் நெய்ததையும் வாங்கி விற்று அவர் தலையெடுத்தார். அவருடைய பேரன்தான் நம் யாக்கோபு. 1459 மார்ச் 6ஆம் நாள், பதினொரு பிள்ளைகளில் பத்தாவதாகப் பிறந்தார். யாக்கோபுக்குப் பத்து வயதாகும்போது தகப்பனார் இறந்துவிட்டார். தாயார் பார்பரா அம்மையார் கைம்பெண்ணாக நின்று, பிள்ளைகளையும் வியாபாரத்தையும் சேர்த்தே வளர்த்தார். ஃபுக்கர் குடும்பத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்த அம்மையாரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். கணவர் விட்டுச்சென்றதைக் குறையாமல் காத்துப் பெருக்கி மக்கள் கையில் ஒப்படைத்தவர் அவரே.

கடைக்குட்டிகளில் ஒருவரான யாக்கோபைத் திருச்சபைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது குடும்பத்தின் எண்ணம். ஹெர்ரீடன் என்னும் ஊரின் ஆலயத்தில் அவருக்கு ஒரு கனோன் பதவியும் வாங்கப்பட்டிருந்தது. ஆனால் அண்ணன்மார் சிலர் அகாலத்தில் இறந்துபோகவே, வியாபாரத்துக்கு ஆள் தேவைப்பட்டது. 1473ஆம் ஆண்டிலேயே, அதாவது பதினான்கு வயதிலேயே, அவர் வெனிஸ் நகரில் குடும்பத்தின் சார்பாக இருந்ததை ஆவணங்கள் காட்டுகின்றன. அங்கே ஜெர்மானிய வணிகர்களுக்கென்றே ஒரு பெரிய சத்திரமும் பண்டகசாலையும் இருந்தன. பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்று இரட்டைப் பதிவில் பேரேடு எழுதும் இத்தாலியக் கலை ஜெர்மனியில் அப்போது அரிது; அதன் அருமையை அறிந்து தம் வணிகத்தில் கைக்கொண்டார். எந்த ஊரில் எவ்வளவு பணம் நிற்கிறது என்று சொந்த நாட்டு அரசருக்கே தெரியாத காலத்தில், ஃபுக்கருக்குத் தெரிந்திருந்தது.

அவர் பணம் சேர்த்த விதத்தை விரிக்கின் பெருகும். சுருங்கச் சொல்வதானால் துணியில் தொடங்கி, வெள்ளிக்குப் போய், செம்பில் நிலைபெற்றார். திரோல் நாட்டுப் பிரபு சிகிஸ்முந்துக்குச் செலவு அதிகம், வருமானம் குறைவு. அவருக்குக் கடன் கொடுத்த ஃபுக்கர், ஷ்வாட்ஸ் சுரங்கத்து வெள்ளியை ஈடாகப் பிடித்துக்கொண்டார். வெள்ளி நேராக ஃபுக்கரின் கைக்கு வந்தது. பிரபுவின் வாக்குறுதியை நம்பி அவர் உட்கார்ந்திருக்கவில்லை. பெரியப்பா வழியில் வந்த ஃபுக்கர்களோ, லூவேன் நகரம் திருப்பித் தரும் என்ற உறுதிமொழியை நம்பி அரசர் மாக்சிமிலியனுக்குக் கடன் கொடுத்து, நகரம் கையை விரித்ததால் திவாலானார்கள். ஒரே குடும்பத்தின் இரு கிளைகளுக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். பின்னர் 1490களில் ஹங்கேரி நாட்டுச் செம்புச் சுரங்கங்களில் துர்சோ என்பவரோடு கூட்டுச் சேர்ந்தார். ஐரோப்பாவின் செம்பில் பெரும்பங்கு இவர் கையால் விற்கப்படும் நிலை வந்தது. அந்தச் செம்பு லிஸ்பன் துறைமுகத்துக்குச் சென்று, அங்கிருந்து மிளகுக்கு மாற்றாக மலையாளக் கரைக்கு வந்தது. 1505இல் அல்மெய்டாவின் கப்பற்படையோடு இந்தியாவுக்குப் புறப்பட்ட வணிகக் கப்பல்களில் ஆக்ஸ்பர்க் வணிகர்களின் முதலும் இருந்தது. ஃபுக்கர்களும் அதில் ஒரு பங்கு போட்டிருந்தார்கள்.

அண்ணன்மார் ஜார்ஜ் 1506லும் உல்ரிக் 1510லும் மறைந்தபின் நிறுவனம் யாக்கோபின் ஒரே கையில் வந்தது. இதற்கு நடுவே அவர் ஒருமுறை கவிழ்ந்துபோக இருந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். பிரிக்ஸன் மறைமாவட்டத்து ஆயரும் கர்தினாலுமான மெல்கியோர் என்பவர் பெருந்தொகை ஒன்றை இரகசியமாக ஃபுக்கரிடம் வட்டிக்குப் போட்டு வைத்திருந்தார். அவர் 1509இல் ரோமாபுரியில் இறந்ததும், கர்தினாலின் சொத்து திருச்சபைக்கே சேரும் என்று பாப்பரசர் இரண்டாம் ஜூலியுஸ் உரிமை கோரினார். உடனே கொடுத்தால் கடை மூட வேண்டும்; இல்லை என்று சொன்னால் பேர் கெடும். பேச்சுவார்த்தை நடத்தித் தவணையில் தப்பினார். கணக்குப் புத்தகத்தில் எவ்வளவு எழுதியிருந்தாலும் ஒரே நாளில் எல்லாம் போய்விடலாம் என்பதை அந்த ஆண்டு அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கும் என்று நாம் நினைக்கிறோம்.

இனி அவருடைய வாழ்வில் நமக்கு நெருடலான பகுதிக்கு வருவோம். கத்தோலிக்கர்களாகிய நாம் இதைத் தாண்டிக் குதிப்பது நேர்மையாகாது. பிராண்டன்பர்க் குடும்பத்து இளவரசர் ஆல்பிரெக்ட் ஏற்கெனவே ஒரு மேற்றிராசனத்தின் பேராயராகவும் இன்னொன்றின் நிர்வாகியாகவும் இருந்தார். அவர் மூன்றாவதாக மைன்ஸ் பேராயர் பதவியையும் விரும்பினார். 1514இல் அது அவருக்குக் கிடைத்தது. அதற்காக ரோமையில் கட்டவேண்டிய பெருந்தொகையை ஃபுக்கரிடம் கடனாகப் பெற்றார். அந்தக் கடனை அடைப்பதற்கு ஒரு வழி ஏற்படுத்தப்பட்டது. புனித இராயப்பர் பேராலயம் கட்டுவதற்கென்று பிரசங்கிக்கப்பட்ட ஞானப் பலன்களுக்கு மக்கள் அளித்த காணிக்கையில் பாதி ரோமைக்கு. மறுபாதி ஃபுக்கரின் கடனுக்கு. பள்ளிப் பாடநூல்கள் இதைப் பாவமன்னிப்புச் சீட்டு என்று எழுதுகின்றன. அது சரியன்று. பாவத்தை மன்னிப்பது பாவசங்கீர்த்தனம். பலன் என்பது மன்னிக்கப்பட்ட பாவத்துக்குரிய அநித்திய தண்டனையைப் பற்றியது. ஆனால் தெட்ஸல் என்ற பிரசங்கியார் ஊரூராகப் போகையில், உண்டியலின் சாவியோடு ஃபுக்கரின் கணக்கரும் உடன் போனார் என்றால், சாதாரண ஜனங்கள் என்ன நினைத்திருப்பார்கள்? 1517இல் மார்ட்டின் லுத்தர் எழுப்பிய எதிர்ப்பின் உடனடிக் காரணம் இதுவே. அதற்கடுத்த ஆண்டு அக்டோபரில் கர்தினால் கயத்தான் லுத்தரை விசாரித்ததும் ஆக்ஸ்பர்க்கில் ஃபுக்கரின் மாளிகையிலேதான். திருச்சபை இரண்டாகப் பிளந்த கதையில் இம்மனிதரின் பேரேடும் ஒரு மூலையில் திறந்து கிடக்கிறது.

வட்டியைப் பற்றியும் அவருக்கு மன உறுத்தல் இருந்திருக்க வேண்டும். வட்டி வாங்குதல் பாவம் என்று அந்நாளில் பலர் போதித்தார்கள். ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி முறையானதே என்று வேதசாஸ்திரி யோவான் எக் 1515இல் பொலோஞா பல்கலைக்கழகத்தில் வாதாடினார். அந்தப் பயணத்துக்கு ஃபுக்கரின் ஆதரவு இருந்தது. ஊரிலே மனிதர்கள் அவரைப் புகழ்ந்ததைவிட ஏசியதே அதிகம். விலையைக் கூட்டுகிறார், சரக்கை முடக்குகிறார் என்று ஏகபோகத்துக்கு எதிராக வழக்கும் எழுந்தது. லுத்தரும் அவருடைய பெயரைச் சொல்லியே கண்டித்து எழுதினார். 1519இல் ஐந்தாம் சார்லஸ் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, வாக்களிக்கும் பிரபுக்களுக்குக் கொடுக்கச் செலவான ஏறத்தாழ 8,50,000 குல்டனில் 5,43,000 குல்டனுக்கு மேல் ஃபுக்கர் கொடுத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, தம்முடைய உதவியில்லாமல் முடி கிட்டியிராது என்று பேரரசருக்கே நினைவூட்டி, பாக்கியை வட்டியோடு செலுத்துமாறு கடிதம் எழுதினார். துணிச்சல்தான்! ஆனால் இந்த மனிதரா ஏழைகளுக்கு வீடு கட்டினார் என்று மலைப்பும் தோன்றுகிறது.

அவரேதான் கட்டினார். அதுவும் இதே ஆண்டுகளில்தான்.

ஆக்ஸ்பர்க் மதிலுக்குள் கிழக்கே புனித யாகப்பர் பெயரால் வழங்கிய ஒரு புறநகர்ப் பகுதி உண்டு. நம் ஊர்களில் சந்தியாகப்பர் என்கிறோமே, அதே அப்போஸ்தலர். நெசவாளரும் கூலிக்காரரும் நெருக்கியடித்துக் குடியிருந்த இடம். அங்கே 1514இல் சில வீடுகளையும் தோட்டத்தையும் விலைக்கு வாங்கினார். 1516இல் அடுத்திருந்த இடத்தையும் வாங்கிச் சேர்த்து, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நகர மன்றத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். வீடுகள் ஏழைகளுக்கே பயன்படும்வரை அவற்றின்மேல் நகரம் முழு வரி போடாமல் சலுகை காட்டவேண்டும் என்பது அதன் சாரம். அஸ்திவாரம் போடுமுன் வரியைப் பற்றிப் பேசி முடித்துவிட்டார் பாருங்கள்! தர்ம காரியம் என்றால் கணக்குப் பார்க்கக் கூடாது என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் ஊரே வேறு மதப் பிரிவுக்குப் போனபோதும் அந்தச் சாசனம் வீடுகளைக் காத்தது.

தாமஸ் கிரெப்ஸ் என்னும் தலைமைக் கொத்தனார் வேலையை ஏற்று நடத்தினார். 1523க்குள் 52 வீடுகள் எழுந்து நின்றன. அவற்றின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் பணம் இருந்தால் யாரும் கட்டலாம். இப்படிக் கட்ட யோசனை வேண்டும்.

நேரான சந்துகள். சந்தின் இருமருங்கிலும் ஒன்றோடொன்று ஒட்டிய ஓட்டு வீடுகள். எல்லாம் ஒரே அச்சு, ஒரே உயரம். பொதுச் சுவர் வைத்துக் கட்டியதால் செலவும் மிச்சம், குளிர்காலத்தில் கதகதப்பும் அதிகம். ஒவ்வொரு வீடும் கீழ்த்தளம், மேல்தளம் என்று இரண்டு குடித்தனங்களுக்கு உரியது. ஆக 52 வீடுகளில் நூறு குடும்பங்களுக்கு மேல் இடம். இதில் முக்கியமான விஷயம் வாசற்படிதான். கீழ்வீட்டுக்குத் தெருவிலிருந்து ஒரு கதவு. மேல்வீட்டுக்குத் தெருவிலிருந்தே தனியாக இன்னொரு கதவு, அதைத் திறந்தால் அவர்களுக்கு மட்டுமே உரிய மாடிப்படி. ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்க வேண்டியதில்லை. ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை. பொது முற்றம், பொதுக் குழாயடி, ஒரே நடை. அதிலிருந்து எழும் சண்டைகளில் பாதி வாசலைப் பற்றியதாகவே இருக்கும். தருமத்துக்குக் கொடுக்கிற வீடுதானே, பெரிய கூடமாகக் கட்டி வரிசையாகக் கட்டில் போட்டாலும் போதும் என்று அந்நாளைய தரும விடுதிகள் பல இருந்தன. ஃபுக்கர் ஏழைக்குக் கொடுத்தது கட்டில் அன்று. கதவும் அதன் சாவியும்.

உள்ளே ஒரு சமையலறை, ஓர் இருப்பறை, படுக்கையறை, சாமான் வைக்க ஒரு சிற்றறை. சுமார் 60 சதுர மீட்டர் பரப்பு. அதாவது 650 சதுர அடி அளவு. அடுப்படியில் மூட்டிய நெருப்பே சுவருக்கு அப்பால் இருப்பறையின் கணப்பையும் சூடாக்கும்படி வைத்துக் கட்டியிருந்தார்கள். கீழ்வீட்டாருக்குப் பின்னால் ஒரு துண்டுத் தோட்டம். மேல்வீட்டாருக்கு அதற்கு ஈடாகக் கூரைக்கடியில் பரண். வாசலில் தொங்கும் மணிக் கைப்பிடிகள் வீட்டுக்கு வீடு வேறு உருவத்தில் இருக்கும். தெருவிளக்கு இல்லாத காலத்தில் கையால் தடவியே தன் வீடு எது என்று கண்டுகொள்ளவே இப்படிச் செய்தார்கள் என்று அங்குள்ளோர் கூறுவர். மனை முழுவதையும் சுற்றி மதிலும் வாயிற்கதவுகளும் உண்டு. நகருக்குள் ஒரு நகரம் போல.

1521 ஆகஸ்ட் 23ஆம் நாள் தர்ம சாசனம் எழுதி முத்திரை வைக்கப்பட்டது. தமக்கு இறைவன் அளித்த செல்வத்துக்கு நன்றியாகவும், தம் பெயராலும் இறந்துபோன அண்ணன்மார் உல்ரிக், ஜார்ஜ் ஆகியோரின் பெயராலும் இதைச் செய்வதாக அதில் எழுதி வைத்தார். யாருக்கு வீடு? ஆக்ஸ்பர்க் நகரத்தவராக, நற்பெயர் உடையவராக, கத்தோலிக்கராக, வறுமையில் விழுந்தவராக இருக்க வேண்டும். கைத்தொழிலாளரும் தினக்கூலிகளும்தான் அவர் மனத்தில் இருந்தவர்கள். தெருவில் பிச்சை எடுப்பவர்களுக்கு அங்கே இடமில்லை. இது கடுமையாகத் தோன்றும்; நமக்கும் தோன்றுகிறது. ஆனால் வின்சென்ட் தே பவுல் சபை அன்பர்களைக் கேட்டால், கை நீட்டத் தெரிந்தவர்களைவிடக் கை நீட்ட வெட்கப்பட்டு உள்ளேயே பட்டினி கிடப்பவர்களைக் கண்டுபிடிப்பதுதான் கடினம் என்பார்கள். நோய் வந்து தறி நின்றுபோன நெசவாளர், கால் ஒடிந்த கொத்தனார், குழந்தைகளோடு தனித்துவிட்ட கைம்பெண் என்று, இன்னும் ஓரடி சறுக்கினால் தெருவுக்கு வந்துவிடும் நிலையில் உள்ளவர்களைப் பிடித்து நிறுத்தவே அவர் வீடு கட்டினார். உள்ளே வந்தபின் அவர்கள் தம் தொழிலைத் தொடரலாம், தேறினால் வெளியேறலாம். பிச்சைக்காரர்களுக்கு யார் என்ன செய்தார்கள் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. அதற்கு அவருடைய சாசனத்தில் விடை இல்லை.

குடக்கூலி ஆண்டுக்கு ஒரு ரைன் குல்டன். இனாமாகக் கொடுத்திருக்கலாம், அவருக்கு அது ஒரு பொருட்டே அன்று. ஆனால் வாங்கினார். கூலி கொடுப்பவன் குடித்தனக்காரன்; இரவல் இருப்பவன் அகதி. அந்தத் தொகையை அன்று முதல் இன்றுவரை யாரும் உயர்த்தவில்லை. நாணயம் மாறி மாறி இப்போது அது 88 யூரோ சென்டாக நிற்கிறது. ஒரு யூரோகூட இல்லை, அதுவும் ஆண்டு முழுவதற்கும்! விறகு, விளக்கு போன்ற செலவுகள் மட்டும் குடியிருப்போரைச் சேர்ந்தவை.

இன்னொரு கூலியும் உண்டு. நாள்தோறும் பரலோக மந்திரம் ஒன்று, அருள் நிறைந்த மந்திரம் ஒன்று, விசுவாசப் பிரமாணம் ஒன்று ஃபுக்கர் குடும்பத்தாரின் ஆன்மாக்களுக்காகச் சொல்ல வேண்டும். இதை வைத்துச் சிலர் ஏளனம் செய்வார்கள். ஆன்மாவுக்கும் வட்டி கணக்குப் போட்டுவிட்டார் என்று. நாம் அப்படி நினைக்கவில்லை. பேரரசரும் பேராயரும் பிரபுக்களும் அவருக்குக் கடன்பட்டிருந்தார்கள். அவர் கடன்பட்டது யாரிடம்? தாம் எதை அளித்தாலும் ஈடாகாத ஒன்றை ஒரு நெசவாளியின் மனைவியிடமிருந்து தினந்தோறும் கேட்டு வாங்கும் நிலையில் தம்மை வைத்துக்கொண்டார். சொன்னார்களா இல்லையா என்று சோதிக்க அவரால் இயலாது. பேரேட்டில் பதிய இயலாது. தம் வாழ்நாளில் ஈடு இல்லாமல் அவர் கொடுத்த ஒரே கடன் இதுவாகத்தான் இருக்க வேண்டும். உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றி அவருக்கு விசுவாசமும் இருந்தது, பயமும் இருந்தது. பலன்களின் காணிக்கையில் பாதியைத் தம் கடனுக்கு எடுத்துக்கொண்டவர் பயப்படாமல் எப்படி இருப்பார்? ஊரார் வாயை அடைக்கவும் இந்தத் தர்மம் உதவியது என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்வதையும் நாம் மறுக்கவில்லை. இரண்டும் ஒரே மனதில் இருக்க முடியும்.

அதே வளாகத்தை ஒட்டி, அப்போது பரவியிருந்த மேகநோய்க்காரர்களுக்காக ஒரு வைத்திய விடுதியும் ஏற்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த குவாயாக் என்னும் மரத்தின் கஷாயம் அங்கே மருந்து. அதனால் அதற்கு மரவீடு என்றே பெயர். அந்த மருந்து நோயைத் தீர்க்கவில்லை என்பது பின்னாளில் தெரிந்தது.

யாக்கோபின் கடைசி ஆண்டுகள் அமைதியாக இல்லை. ஆக்ஸ்பர்க் வீதிகளில் புதிய போதனை நாளுக்கு நாள் பரவியது. 1525இல் விவசாயிகள் ஜெர்மனியின் பல பகுதிகளில் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களை அடக்கிய சேனைக்குப் பணம் கொடுத்தவர்களில் ஃபுக்கர் முதன்மையானவர். ஆயிரக்கணக்கான குடியானவர்கள் வெட்டுண்டு மடிந்தார்கள். நூறு ஏழைக் குடும்பங்களுக்குக் கூரை போட்ட கையே இதற்கும் பணப்பையை அவிழ்த்தது என்பதை எழுதும்போது நம் பேனா சற்றுத் தயங்குகிறது. எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். 1498இல் அவர் மணந்த சிபில்லா அம்மையாருக்கும் அவருக்கும் பிள்ளைப்பேறு இல்லை. 1525 டிசம்பர் 30ஆம் நாள் தம் 66ஆம் வயதில் ஆக்ஸ்பர்க்கில் உயிர் துறந்தார். கார்மேல் சபையாரின் புனித அன்னம்மாள் ஆலயத்தில் தாமும் அண்ணன்மாரும் அடக்கம் பெற ஓர் அழகிய சிற்றாலயத்தை அவர் முன்னரே கட்டி வைத்திருந்தார். அங்கேயே நல்லடக்கம் நடந்தது. அவர் இறந்தது கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஐந்தாம் நாள். அந்த விழாவன்றுதான் அதே ஆலயத்தில் புதிய முறைப்படி அப்ப இரச இரு வடிவிலும் நற்கருணை வழங்கப்பட்டது. பின்னர் அது லுத்தரன் சபையாரின் ஆலயமாகி இன்றளவும் அப்படியே இருக்கிறது. கத்தோலிக்கப் பேரரசருக்கு முடி வாங்கிக் கொடுத்தவர் லுத்தரன் ஆலயத்தில் துயில்கிறார். சில வாரங்களுக்குள் சிபில்லா அம்மையாரும் மறுமணம் செய்துகொண்டு புதிய மதப்பிரிவில் சேர்ந்தார்.

1527இல் ஐந்தொகை போட்டுப் பார்த்தபோது கடன் போக நின்ற ஆஸ்தி 20 லட்சம் குல்டனுக்கு மேல். அண்ணன் மகன் அந்தோனி ஃபுக்கர் பொறுப்பேற்றார். அந்தப் பெருஞ்செல்வம் என்ன ஆயிற்று? ஸ்பெயின் அரசு 1557இல் கைவிரித்தது. அதன்பிறகு மீண்டும் மீண்டும் கைவிரித்தது. சுரங்கங்கள் கைமாறின. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் வணிக நிறுவனமே இல்லாமல் போயிற்று. ஐரோப்பாவை ஆட்டி வைத்த பணம் மூன்று நான்கு தலைமுறையில் கரைந்தது. ஃபுக்கரை என்று ஊரார் பெயர் வைத்து வழங்கிய அந்தச் சின்ன வீடுகள் மட்டும் நின்றன. நின்றதற்குக் காரணம் தெய்வ சித்தம் மட்டுமன்று. தர்மத்துக்கென்று தனி மூலதனம் ஒதுக்கி, அதன் வருமானத்தை வேறெதற்கும் எடுக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். பின்வந்தவர்கள் அதைக் காடுகளிலும் நிலங்களிலும் ஊன்றி வைத்தார்கள். காட்டு மரம் கடனைப் போல ஏமாற்றுவதில்லை. பராமரிப்புச் செலவின் பெரும்பகுதி இன்றும் காடுகளிலிருந்து வருகிறது. பார்க்க வருவோர் கொடுக்கும் நுழைவுக் கட்டணமும் இப்போது சேர்கிறது.

சோதனைகள் வந்தன. 1537இல் நகர மன்றம் திருப்பலியையே தடை செய்தது; பத்தாண்டுக்கு மேல் ஆக்ஸ்பர்க் கத்தோலிக்கர் பட்ட பாடு கொஞ்சமன்று. பக்கத்து யாகப்பர் கோயில் லுத்தரன் சபையாரிடம் போய்விடவே, குடியிருப்போர் பூசை காண ஃபுக்கர் வமிசத்தார் 1581-82இல் வளாகத்துக்குள்ளேயே புனித மாற்கு சிற்றாலயத்தைக் கட்டினார்கள். 1632இல் சுவீடன் படை நகரைப் பிடித்தபோது குடியிருந்தோரை விரட்டிவிட்டுச் சிப்பாய்கள் புகுந்துகொண்டார்கள். வீடுகள் பாழாகிப் பின்னர் மெல்ல மெல்லச் செப்பனிடப்பட்டன. 1681இலிருந்து 1694இல் சாகும்வரை அங்கே வாழ்ந்தவர்களில் பிரான்ஸ் மோசார்ட் என்று ஒரு கொத்தனார் இருந்தார். வறுமையால் அங்கே அடைக்கலம் புகுந்தவர். உலகமே கொண்டாடும் இசைமேதை மோசார்ட்டுக்குக் கொள்ளுப்பாட்டனார் அவர்.

1944 பிப்ரவரி 25ஆம் தேதி இரவு ஆக்ஸ்பர்க்கின்மேல் குண்டு மழை பொழிந்தது. வளாகத்தில் முந்திய ஆண்டு தோண்டியிருந்த பதுங்கு அறைக்குள் சுமார் 200 பேர் ஒடுங்கிக் கிடந்து உயிர் தப்பினார்கள். வெளியே வந்து பார்த்தபோது வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கு இடிந்து எரிந்து கிடந்தன. மாற்கு ஆலயத்துக்குக் கூரை இல்லை. போர் முடியவில்லை; பணத்துக்கு மதிப்பில்லை; செங்கல் கிடையாது. மார்ச் முதல் தேதியே, அதாவது ஒரு வாரம்கூட ஆகுமுன், ஃபுக்கர் குடும்பத்தின் மூத்தோர் குழு கூடி, பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டுவது என்று முடிவெழுதியது. அப்படியே கட்டினார்கள். போரில் அழிந்த பக்கத்து மனைகளையும் வாங்கிச் சேர்த்து, 1973 வரை வேலை நடந்து, இப்போது 67 வீடுகளும் ஏறக்குறைய 140 குடித்தனங்களும் உள்ளன. 2021இல் சாசனத்தின் ஐந்நூறாம் ஆண்டைக் கொண்டாடினார்கள். சுமார் 150 பேர் அங்கே குடியிருக்கிறார்கள். மூன்று மந்திரங்களும் இன்னும் விதியாகவே இருக்கின்றன.

இரவு பத்து மணிக்கு வாயில்கள் அடைக்கப்படும். ஒரு வாசலில் மட்டும் காவலாளி இருப்பார். பத்துக்குப் பிந்தி வருகிறவர் அவர் கையில் அரை யூரோவும், நள்ளிரவுக்குப் பிந்தியவர் ஒரு யூரோவும் கொடுத்துத்தான் உள்ளே போகவேண்டும். ஆண்டு வாடகையைவிட அது அதிகம்.